ஓடும் குவாட்டர்பேக்கை எப்படிப் பார்ப்பது: லாமர் ஜாக்சனை வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் புதிதாக வருகிற பலரை உள்ளே இழுப்பது ஓடுகிற குவாட்டர்பேக்தான். யூடியூபில் ஒரு கிளிப் கண்ணில் படும், ஒரு ஆள் நாலைந்து பேருக்கு நடுவே நுழைந்து, ஓடுகிற ஓட்டத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, 47 யார்டு போய் டச் டவுன் போடுவார், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பார். 2019 நவம்பரில் சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிராக பால்டிமோர் ரேவன்ஸின் லாமர் ஜாக்சன் ஓடிய ஓட்டம் அது. பார்த்ததும் பிடித்துவிடும். சரி, முழு மேட்ச் பார்ப்போம் என்று உட்கார்ந்தால், அதே ஆள் நெடுநேரம் ஓடாமல் பந்தை எறிந்துகொண்டும் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துக்கொண்டும் இருப்பார், பத்து நிமிஷத்தில் சலிப்பு தட்டிவிடும். அங்கேதான் நிறைய பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். போகாதீர்கள். ஓடாத அந்த நேரத்திலும் அவருடைய கால்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அது பிடிபட்டுவிட்டால் இப்படிப்பட்ட ஒருவருடைய பத்துப் பதினைந்து வருஷ ஆட்டத்தையே சரியாக எடைபோட முடியும்.

விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பக்கத்துக்கு 11 பேர். நாலு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவாட்டர்பேக் கைக்கு. அவருக்கு முன்னால் ஐந்து லைன்மேன்கள் அரண் கட்டி நிற்பார்கள், அந்த அரணுக்குள் இருக்கிற இடத்துக்குப் பெயர் பாக்கெட். அங்கே நின்று எறிவதுதான் குவாட்டர்பேக்கின் வேலை என்று ரொம்ப காலம் நினைத்தார்கள். 1961-இல் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு வந்த ஃபிரான் டார்க்கென்டன் பாக்கெட்டை விட்டு ஓடித் தப்பித்து, அப்புறம் எறிவதைப் பழக்கமாக வைத்திருந்தார். அவருடைய கோச் நார்ம் வான் புராக்லினுக்கே அது பிடிக்காது. அந்த டார்க்கென்டன் 18 சீசன் ஆடி 1978-இல் விலகியபோது, 47,003 யார்டு எறிந்து என்எஃப்எல்-இன், அதாவது அமெரிக்காவின் முதன்மை ஃபுட்பால் லீக்கின், சாதனையை வைத்திருந்தார். ஓடிய கால்தான் அவ்வளவு எறிய நேரம் வாங்கிக் கொடுத்தது.

முதலில் அவரைப் பார்க்காதீர்கள்

கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் ஜாக்சனைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் பந்து அவர் கைக்கு வரும் நொடியில் கண்ணை அவர் மேல் வைக்காமல் எதிரணியின் ஓரத்தில் நிற்கிற டிஃபென்சிவ் எண்ட் மேல் வையுங்கள். பெரும்பாலும் தடித்த, உயரமான ஆள். வழக்கமாக அவரைத் தள்ளிப் பிடிக்க ஒரு லைன்மேன் போவார். ரீட் ஆப்ஷன் என்கிற ஆட்டத்தில் வேண்டுமென்றே யாரும் அவரைத் தொடமாட்டார்கள், சும்மா விட்டுவிடுவார்கள். ஜாக்சன் பந்தைப் பக்கத்தில் ஓடிவருகிற ரன்னிங் பேக்கின் (பந்தை வாங்கி ஓடுவதே வேலையான ஆள்) வயிற்றில் வைத்து, விடாமல் பிடித்தபடி, அந்த எண்டைப் பார்ப்பார். அவர் ரன்னிங் பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால் ஜாக்சன் பந்தை உருவிக்கொண்டு அவர் விட்டுவந்த ஓரத்தில் ஓடிவிடுவார். அவர் பயந்து ஓரத்திலேயே நின்றால் பந்து ரன்னிங் பேக்கிடம் போய்விடும், நடுவில் ஒரு ஆள் குறைவு. எது செய்தாலும் அந்த மனிதர் செய்தது தப்பு.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சாதாரணமாகப் பந்தைக் கொடுத்துவிட்ட குவாட்டர்பேக் வேடிக்கை பார்க்கிற ஆள்தான், அதனால் தாக்குகிற அணிக்கு உண்மையில் 10 பேர், தடுக்கிற அணிக்கு 11. குவாட்டர்பேக் ஓடக்கூடியவர் என்றால் அவரையும் ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டும், 11-க்கு 11 ஆகிவிடும். அந்த ஒரு ஆள் குறைவதுதான் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. ஜாக்சன் முழு சீசன் ஆடத் தொடங்கிய 2019-இல் ரேவன்ஸ் அணி மொத்தம் 3,296 யார்டு ஓடியது, என்எஃப்எல் வரலாற்றில் ஒரே சீசனில் எந்த அணியும் அதுவரை அவ்வளவு ஓடியதில்லை. அதில் ஜாக்சன் ஓடியது 1,206. பாக்கி 2,000-க்கு மேல் ஓடியது மற்றவர்கள், அதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

இன்னும் தெளிவாகப் பார்க்க டெரிக் ஹென்றியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் டென்னசி டைட்டன்ஸில் ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 4.2 யார்டு. அடுத்த வருஷம், ரன்னிங் பேக்குகள் பொதுவாகத் தேய்ந்து போகிற 30 வயதில், ரேவன்ஸுக்கு வந்தார். சராசரி 5.9, மொத்தம் 1,921 யார்டு. லைன்மேன்கள் வேறு, கோச் வேறு, எல்லாம் சரிதான். ஆனால் அந்த மேட்சுகளை எடுத்து ஓரத்து எண்டைப் பாருங்கள், ஹென்றி கையில் பந்து இருக்கும்போது அவர் ஜாக்சனைப் பார்த்துக்கொண்டு ஒரு அரை நொடி நிற்பார். ஹென்றி மாதிரி ஒரு ஆளுக்கு அரை நொடி போதும்.

ஓட்டத்தில் இரண்டு வகை

அவர் ஓடும்போது, இது திட்டமிட்ட ஓட்டமா, ஸ்கிராம்பிளா என்று ஒவ்வொரு தடவையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ரீட் ஆப்ஷன் மாதிரி முன்கூட்டியே வகுத்தது திட்டமிட்ட ஓட்டம். எறியலாம் என்று பின்வாங்கி, ஆள் கிடைக்காமலோ பாக்கெட் உடைந்தோ வேறு வழியில்லாமல் ஓடுவது ஸ்கிராம்பிள். இளம் வயதில் முதல் வகை அதிகமாக இருக்கும். வயது ஏற ஏற அது குறைந்து, இரண்டாவது வகையிலும் ஓடுவதற்குப் பதிலாக ஓடுவது மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, தடுப்பாட்டக்காரர் முன்னால் வந்ததும் அவர் தலைக்கு மேலே எறிவது கூடினால் அந்த ஆள் வளர்கிறார் என்று அர்த்தம். ஜாக்சன் 2019-இல் 176 தடவை ஓடினார், 2024-இல் 139. ஆனால் அந்த 2024-இல்தான் 4,172 யார்டு எறிந்து, 41 டச் டவுன் கொடுத்து, நாலே நாலு பந்து மட்டும் எதிரணி கையில் போனது. கூடவே 915 யார்டு ஓடினார். ஒரே சீசனில் 4,000 எறிந்து 900 ஓடியவர் அதற்கு முன் லீக்கில் யாரும் கிடையாது.

ஸ்டீவ் யங் என்கிற பழைய குவாட்டர்பேக்கையும் இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் கால் இருக்கும் தைரியத்தில் கிடைத்த இடத்தில் ஓடியவர், சான் ஃபிரான்சிஸ்கோவில் முதன்மை குவாட்டர்பேக்கான ஜோ மொன்டானாவுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் காத்திருந்தார். பிறகு இடம் கிடைத்தபோது ஆறு தடவை லீக்கின் மிகச் சிறந்த பாஸர் ரேட்டிங் (எறிதலுக்குப் போடுகிற மதிப்பெண்) வைத்திருந்தார். கூடவே அவர் ஓடிச் சேர்த்தது 4,239 யார்டு.

எண்களை நம்புமுன்

எண்களைப் பார்க்கிறவர்கள் மூன்று இடத்தில் ஏமாறுகிறார்கள், நானும் ஆரம்பத்தில் ஏமாந்தேன்.

ஒன்று, கல்லூரி எண்ணையும் என்எஃப்எல் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. கல்லூரி ஆட்டத்தில் குவாட்டர்பேக் பாக்கெட்டில் மாட்டி விழுந்தால், அதாவது சாக் ஆனால், அந்த இழப்பை அவருடைய ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். என்எஃப்எல்-இல் அதை எறிதல் பக்கம் கழிப்பார்கள். 2016-இல் லூயிவில் பல்கலைக்கழகத்துக்காக ஜாக்சன் 1,571 யார்டு ஓடி, 19 வயதில், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் விருது வாங்கினார். அந்த 1,571, சாக் எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது.

இரண்டு, மேட்ச் முடிகிற நேரத்தில் ஜெயிக்கிற அணியின் குவாட்டர்பேக் பந்தை வாங்கி ஒரு முழங்கால் ஊன்றி நேரத்தைக் கடத்துவார். அதுவும் ஒரு ஓட்டம் என்று கணக்கில் ஏறும், ஒரு யார்டு குறையும். நிறைய ஜெயிக்கிற ஆளுக்கு இது நிறைய வரும், சராசரியைக் கீழே இழுக்கும். அதனால் சராசரி சற்றுக் குறைந்ததைப் பார்த்து வேகம் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

மூன்று, பாஸர் ரேட்டிங். 158.3 தான் அதன் உச்சம். எறிந்தது, பிடிபட்டது, யார்டு, டச் டவுன், எதிரணி பறித்தது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. ஓட்டம் ஒரு துளிகூடக் கிடையாது. ஓடும் குவாட்டர்பேக்கை இதை வைத்து மட்டும் அளந்தால் பாதி ஆளை விட்டுவிட்டோம். அதே சமயம், அவருக்கு எறியத் தெரியாது என்று யாராவது சொன்னால் அவர்கள் முன் வைக்க வேண்டியதும் இதே எண்தான்: 2024-இல் ஜாக்சனின் ரேட்டிங் 119.6, லீக்கிலேயே முதல் இடம்.

எதிரணி என்ன பதில் சொல்கிறது

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஒரு ஓடும் குவாட்டர்பேக் லீக்குக்கு வந்த முதல் வருஷம் எல்லோரையும் திணறடிப்பது பெரிய விஷயமில்லை. கோச்சுகள் கோடை முழுக்க உட்கார்ந்து வீடியோ பார்த்து ஒரு மருந்து கண்டுபிடிப்பார்கள். அந்த மருந்துக்கு இவர் மாற்று கண்டுபிடிக்கிறாரா என்பதுதான் ஒரு ஆட்டக்காரரின் நீண்ட ஆயுளைத் தீர்மானிக்கிறது. அதனால் இவருடைய வெற்றிகளைவிடத் தோல்விகளைத் தேடிப் பிடித்துப் பாருங்கள்.

2018 டிசம்பரில் சார்ஜர்ஸை ரேவன்ஸ் 22-10 என்று ஜெயித்தது. இரண்டே வாரம் கழித்து ப்ளே ஆஃபில் (தோற்றால் வெளியேற வேண்டிய சுற்று) அதே சார்ஜர்ஸ் மறுபடி வந்தது, இந்தத் தடவை கனமான லைன்பேக்கர்களை உட்கார வைத்துவிட்டு, வேகமாக ஓடக்கூடிய டிஃபென்சிவ் பேக்குகள் ஏழு பேரைக் கிட்டத்தட்ட மேட்ச் முழுக்க இறக்கிவிட்டது. ஓரத்துக்கு ஓடினால் அங்கே ஜாக்சன் அளவுக்கே வேகமான ஒருவர் நின்றார். மேட்சின் நாலு கால் பகுதிகளில் கடைசியான நாலாவது குவார்ட்டரின் பாதி வரைக்கும் ரேவன்ஸ் எடுத்தது மூன்றே புள்ளி. கடைசியில் 23-17 என்று தோற்றது. அப்போது அவருக்கு 21 வயது, லீக்கில் எட்டாவது மேட்சாகத்தான் தொடக்கத்திலிருந்து ஆடினார். அடுத்த சீசன் 36 டச் டவுன் எறிந்து லீக்கில் முதலிடம், ரேவன்ஸுக்கு 14 வெற்றி, 2 தோல்வி, ஒரு ஓட்டுகூட வேறு யாருக்கும் போகாமல், லீக்கின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரருக்கான எம்விபி விருது. அப்படி எல்லா ஓட்டும் ஒருவருக்கே விழுந்தது அதற்கு முன் டாம் பிரேடிக்கு மட்டும்தான்.

அதே சீசனின் ப்ளே ஆஃபில் டைட்டன்ஸ் வேறு மாதிரி மடக்கியது. ஜாக்சன் அன்றைக்கு 365 யார்டு எறிந்தார், 143 யார்டு ஓடினார், எண்ணைப் பார்த்தால் பிரமாதம். ஆனால் நாலாவது முயற்சியில் ஒரே ஒரு யார்டு வேண்டிய இடத்தில் இரண்டு தடவை அவரையே ஓட விட்டார்கள், இரண்டு தடவையும் டைட்டன்ஸ் சுவர் மாதிரி நின்றுவிட்டது. முடிவு 28-12. அன்று எதிரில் 195 யார்டு ஓடி ரேவன்ஸைப் பிளந்தவர், அதே டெரிக் ஹென்றி. 2021 நவம்பரில் மயாமி டால்ஃபின்ஸ் இன்னொரு வழி கண்டுபிடித்தது: பின்னால் ஆழத்தில் காவலுக்கு ஒருவரைக்கூட வைக்காமல் கூடுதல் ஆட்களை ஜாக்சன் மேல் ஏவிவிட்டது, மறுபடியும் மறுபடியும். 22-10 என்று டால்ஃபின்ஸ் ஜெயித்தது. ஓடித் தப்பிக்கிற ஆளை அவசரப்படுத்தினால் ஓட நேரமே இருக்காது என்ற கணக்கு. அதற்கு மாற்று, வேகமாக எறிவதுதான். 2023-இல் டாட் மாங்கன் தாக்குதல் ஆட்டத்தைப் பொறுப்பேற்றதும் ஜாக்சன் பந்தை எவ்வளவு சீக்கிரம் விடுகிறார் என்று பாருங்கள், பழைய மேட்சோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

காயம்

ஓடுகிறவர் சீக்கிரம் உடைந்துவிடுவார் என்பது எல்லோரும் சொல்கிற வசனம். இதை அப்படியே ஏற்காதீர்கள், எப்படி, எந்த நொடியில் அடிபட்டது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஜாக்சனின் கணுக்கால் போனது, பந்தை எறிந்த கையோடு ஒருவர் வந்து மோதியதில். 2022 டிசம்பரில் முழங்கால் போனது, சாக் ஆனதில். இரண்டு சீசனும் அத்தோடு அவருக்கு முடிந்தது, இரண்டுமே அவருக்கென்று வகுத்த ஓட்டத்தில் நடந்ததில்லை. திறந்த வெளியில் ஓடும்போது அடி எங்கிருந்து வருகிறது என்று அவர் பார்க்கிறார். கால் முன்னால் நீட்டிச் சறுக்கலாம், கோட்டுக்கு வெளியே போய்விடலாம். சறுக்கிய பிறகு மோதினால் எதிரணிக்கு 15 யார்டு தண்டனை. பாக்கெட்டில் நின்று தூரத்தில் கண் வைத்திருக்கும்போதுதான் பக்கத்திலிருந்தும் காலடியிலிருந்தும் ஆள் வந்து விழுவது தெரியாது.

ஆனால் ராபர்ட் கிரிஃபினை நினைத்தால் மனது கனத்துப் போகும். 2012-இல் வாஷிங்டனுக்கு வந்த முதல் சீசனிலேயே 815 யார்டு ஓடி, 20 டச் டவுன் எறிந்து, வெறும் ஐந்து பந்து மட்டும் பறிகொடுத்து, ஆண்டின் சிறந்த புதுமுகமானார். டிசம்பரில் முழங்காலில் அடி. நாலு வாரத்தில், 2013 ஜனவரி 6 அன்று சியாட்டில் சீஹாக்ஸுடன் ப்ளே ஆஃபில், அந்தக் காலோடு இறங்கினார். முதல் குவார்ட்டரிலேயே நொண்டுவது எல்லோருக்கும் தெரிந்தது. 14-0 என்று முன்னணியில் இருந்தார்கள், அப்போதே உட்கார வைத்திருக்கலாம். நாலாவது குவார்ட்டரில் தரையில் உருண்ட பந்தை எடுக்கத் திரும்பியபோது முழங்கால் மடிந்து விழுந்தார். அதற்கப்புறம் அந்தப் பழைய கிரிஃபின் திரும்பி வரவேயில்லை. ஓட்டத்தால் உடைந்தவர் என்று அவரைச் சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத ஒன்று. ஏற்கனவே அடிபட்ட முழங்காலோடு ஆட விட்டதும் இதில் இருக்கிறது. ஒரு ஆட்டக்காரரின் கதையைப் படிக்கும்போது அவர் மோதல்களை எப்படித் தவிர்க்கிறார் என்பதோடு, அவருடைய அணி அவரை எப்போது வெளியே எடுக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம், ரொம்பச் சுருக்கமாக

ஒப்பந்தச் செய்தியில் பெரிய எழுத்தில் வருகிற தொகையை விட்டுவிட்டு, உத்தரவாதம் எவ்வளவு என்று பாருங்கள். 2023 ஏப்ரலில் ஜாக்சன் போட்டது ஐந்து வருஷத்துக்கு 260 மில்லியன் டாலர், உத்தரவாதம் 185 மில்லியன். என்எஃப்எல்-இல் உத்தரவாதம் இல்லாத பணம், அணி மனது வைத்தால் கிடைக்கிற பணம். அதற்கு முந்தைய மாதம் வேறு எந்த அணி வேண்டுமானாலும் அவரிடம் பேசலாம், எடுத்தால் ரேவன்ஸுக்கு இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுக்க வேண்டும் என்கிற நிலை இருந்தது, எம்விபி வாங்கிய ஆளுக்கு ஒரு அணிகூட ஒப்பந்தம் நீட்டவில்லை. ஏஜென்ட் வைத்துக்கொள்ளாமல், தாயார் துணையோடுதான் அவர் இதையெல்லாம் பேசி முடித்தார்.

அந்தப் பெயரையே கொஞ்சம் சந்தேகியுங்கள்

ஓடும் குவாட்டர்பேக் என்று நானும் இவ்வளவு நேரம் எழுதிவிட்டேன். ஆனால் இந்தச் சொல் யார் மேல், எப்போது ஒட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும். 1968-இல் டென்வர் பிராங்கோஸுக்கு குவாட்டர்பேக்காக ஆடிய மார்லின் பிரிஸ்கோ, நவீன காலத்தில் அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கிய முதல் கறுப்பினத்தவர். நன்றாகவே ஆடினார், அடுத்த வருஷம் வேறு அணிக்குப் போய் பந்து பிடிக்கிற ரிசீவராக மாற வேண்டியிருந்தது. வாரன் மூனை 1978-இல் எந்த என்எஃப்எல் அணியும் தேர்வு செய்யவில்லை, கனடா லீக்குக்குப் போய் எட்மன்டனில் தொடர்ந்து ஐந்து கோப்பை வென்ற பிறகே திரும்பி வந்தார். 2018-இலும் ஜாக்சனைப் பார்த்து ரிசீவராக மாறிவிடலாம் என்று பில் போலியன் சொன்னார், நிர்வாகத்தில் பெயர் பெற்றவர், பிறகு தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டார். தன்னை ரிசீவராகப் பார்க்க இடம் கொடுக்காமல், தேர்வு முகாமில் ஜாக்சன் 40 யார்டு ஓட்டம் ஓட மறுத்துவிட்டார். அணிகள் வரிசையாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற அந்த வருஷத்து டிராஃப்டில் அவருக்கு முன் நாலு குவாட்டர்பேக்குகள் போனார்கள், இவர் முதல் சுற்றின் கடைசி ஆள், 32-ஆவது. அடுத்த வருஷத்து முதல் மேட்சில் மயாமிக்கு எதிராக 324 யார்டு எறிந்து ஐந்து டச் டவுன் கொடுத்தார். அன்றைக்கு ஓடியது மொத்தம் ஆறு யார்டு. மேட்ச் முடிந்ததும், ரன்னிங் பேக்காக இருந்துகொண்டு இது மோசமில்லை என்று அவர் சொன்னதில் எவ்வளவு நாள் கேட்டுக் கேட்டுப் புண்பட்டது இருக்கிறது என்று யோசியுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? மைக்கேல் விக் 2006-இல் 1,039 யார்டு ஓடிய சீசனின் தொகுப்பு ஒன்றைப் பாருங்கள். ஒரு குவாட்டர்பேக் 1,000 யார்டைத் தாண்டியது அதுதான் முதல் தடவை, அவருடைய மொத்தக் கணக்கான 6,109-ஐ ஜாக்சன் தாண்ட 2024 டிசம்பர் வரை ஆனது. அப்புறம் ஜாக்சனின் மேட்சுகளை இந்த வரிசையில் எடுங்கள்: 2018 ப்ளே ஆஃபின் சார்ஜர்ஸ் மேட்ச், 2019-இன் முதல் மயாமி மேட்ச், அந்த வருஷத்து டைட்டன்ஸ் தோல்வி, கடைசியாக 2024 சீசனில் எது கிடைத்தாலும் ஒன்று. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பாருங்கள், முதல் தடவை சும்மா, இரண்டாவது தடவை கையில் ஒரு காகிதத்தோடு, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓரத்து எண்ட் உள்ளே பாய்ந்தாரா, நின்றாரா என்று மட்டும் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டாவது குவார்ட்டருக்குள் அடுத்தது என்ன வரும் என்று நீங்களே சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.